மடிப்பு மாற்றி வைத்த கடிதங்கள்

இன்லண்ட் கடிதத்துக்கு மடிப்பு இரண்டு, மிஞ்சினால் மூன்று. எங்கே மடிக்க வேண்டும் என்று அதிலேயே கோடு போட்டிருக்கும். ஆனால் அன்று அண்ணி துணி மூட்டையைப் பிரித்து என் கையில் கொடுத்த கடிதத்தில் மடிப்புகளை எண்ணத் தொடங்கி, பதினேழோடு நிறுத்திக்கொண்டேன். நீளவாக்கில் கோடு, குறுக்கே கோடு, அவற்றுக்கு நடுவே இன்னும் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் காகிதம் வெளுத்து, அதன்மேல் ஓடிய எழுத்தும் உதிர்ந்து போயிருந்தது. "இதை இன்னா அண்ணி பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "மடிப்பு மாத்தி வெச்சேன் பாப்பா. ஒரே மடிப்புல கெடந்தா அங்கயே பிச்சிக்கும்ல?" என்றார் அண்ணி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை வைத்திருக்கும் யாருக்கும் இது தெரியும். ஒரே மடிப்பில் நாட்கணக்கில் விட்டால் ஜரிகை அந்த இடத்தில் முறிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, பழைய மடிப்பு விழாத இடமாகப் பார்த்து மடிக்க வேண்டும். அண்ணி அதையே வேலையாகவும் செய்தவர். ஒரு பட்டுக் கடையில் இருபது வருஷம், வாடிக்கையாளர் கலைத்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கினார். வீட்டில் தன்னுடைய நாலு பட்டுப் புடவைகளோடு, நடுவே ஒரு துண்டு வசம்பு வைத்து, அண்ணனின் கடிதங்களையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை புடவைகளை மாற்றி மடிக்கும்போது கடிதங்களையும் மாற்றி மடித்திருக்கிறார். பட்டுக்கு ஆயுள் கூட்டும் காரியம் காகிதத்துக்கு ஆயுளைக் குறைத்துவிட்டது. அவ்வளவு அக்கறையாகக் கெடுத்து வைத்திருந்தவரிடம் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக்கு அண்ணன்தான் பெரியவர். இங்கே நெய்கிற பட்டுக்கு ஜரிகை சூரத்திலிருந்துதான் வரும். அங்கே ஒரு ஜரிகை வியாபாரியிடம் தமிழ்நாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. நாலு பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்ததால் குடும்பத்தை அழைத்துப் போக முடியவில்லை. தீபாவளிக்கு ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் சின்ன காஞ்சிபுரத்து வாடகை வீட்டில் அண்ணியும் நானும்தான். தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் சூரத்திலேயே மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். குழந்தை இல்லை. பிறகு நான் செவிலிமேட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டி, அண்ணியை அழைத்துக்கொண்டு போனேன். நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். கல்யாணம் ஆகவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் எங்களை அக்கா தங்கை என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் திருத்தமாட்டோம்.

நான் சொல்ல வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு, அண்ணியின் கண்ணுக்குச் சர்க்கரை வந்து சேர்ந்த வருஷங்களைப் பற்றி. சென்னையில் கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இருக்கிற பார்வையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம், போனதைக் கொண்டுவர முடியாது என்று சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை அண்ணி டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, "உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எழுத்தைப் பெருசு பண்ணுவாங்கன்னியே, அவரு லெட்டரையும் பண்ண முடியுமா?" என்று கேட்டார். கண் முழுதாக அணைவதற்குள் அந்தக் கடிதங்களைத் தானே இன்னொரு முறை படித்துவிட வேண்டும். அண்ணிக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போகிறவரிடமிருந்து ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தேன். அண்ணி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். முதல் கடிதத்தைக் கண்ணாடிமேல் வைத்து மூடினேன். வெளிச்சம் ஊர்ந்து போய்த் திரும்பியது. திரையில் வந்ததைப் பார்த்தால் பெரிய மழைக்குப் பிறகு பாலாற்று மணல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மடிப்பெல்லாம் கறுப்புக் கோடாக நிழல் கட்டி நின்றது. நீலக் காகிதத்தில் நீல மை மங்கிக் கிடந்தது. போதாததற்குப் பின்பக்கத்து எழுத்தும் ஊடே தெரிந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை அண்ணி போட்ட நிபந்தனை. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "படிக்காத பாப்பா. படம் மட்டும் எடு," என்றார்.

"படிக்காம அது தெளிவா இருக்குதா இல்லியான்னு எப்படிப் பாக்கறது?"

"அது உன் சாமர்த்தியம்."

புருஷன் பெண்சாதிக்கு எழுதியது, வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது தாண்டியவருக்கு வந்த வெட்கத்தைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். கடிதத்தைத் தலைகீழாக வைத்து எடுப்பேன். திரையில் தலைகீழாகவே பெரிதாக்கி, சுழி முழுசாக இருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா, கொம்பு உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். சரியாக இருந்தால் நிமிர்த்திப் போட்டுவிட்டு, அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்விடுவேன். முயன்றால் தலைகீழ் எழுத்தையும் படிக்கலாம்தான். நான் முயலவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு.

அடுத்த சில மாதங்கள் ஆபீஸ் விட்டு வந்ததும் அதுதான் வேலை. ஒவ்வொன்றையும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கடிதத்தை நேராகக் கண்ணாடியில் வைக்கக் கூடாது, இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து ஒரு வாரம் மெத்தைக்கு அடியில் போட்டுப் படிய வைக்க வேண்டும். "மேல துணியப் போட்டு லேசா அயர்ன் பண்ணேன், பட்டுக்குப் பண்றாப்ல," என்றார் அண்ணி. நல்லவேளை, முதலில் என்னுடைய பழைய மெமோ ஒன்றில் செய்து பார்த்தேன். அது பழுப்பேறிச் சுருண்டது. மூடி சரியாக அழுந்தவில்லை என்று தோசைக்கல்லைத் துணியில் சுற்றி மேலே வைத்தேன். பின்பக்கத்து எழுத்து தெரியாமலிருக்கக் கடிதத்துக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைக்கும்படி எங்கள் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் சொல்லிக் கொடுத்தார். வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் மங்கிய எழுத்து காணாமலே போய்விடும். கலரில் எடுத்து, பிறகு நிறங்களைப் பிரித்துச் சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டால், அந்த நீல மை கறுத்து எழுந்து வரும். இது தற்செயலாகக் கண்டுபிடித்தது. அன்று எனக்கு ஏதோ பிரமோஷன் வந்ததுபோல இருந்தது.

மடிப்பு நிழல்தான் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது. ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமிருந்துதான் வெளிச்சம் போடுகிறது என்று மெதுவாகத்தான் புரிந்தது. கடிதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இன்னொரு தரம் எடுத்தால், முதலில் கறுப்பாக விழுந்த மடிப்பு இதில் தெரியவே தெரியாது, வேறொன்று தெரியும். ஆக நாலு திசையிலும் வைத்து நாலு படம் எடுத்து, எதில் எந்த இடம் சுத்தமாக இருக்கிறதோ அதை மட்டும் வெட்டி எடுத்துச் சேர்த்து ஒட்டினேன். அறுபத்தேழு கடிதங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஒரு சாயங்காலத்தில் முடிந்தன.

ஒரே ஒரு கடிதம் மட்டும் மசியவில்லை. மற்றதையெல்லாம் விட அதில் மடிப்பு இரண்டு பங்கு. நடுவில் ஒரு பத்தி இருந்த இடம் துணி நைந்ததுபோல ஆகியிருந்தது. அண்ணி அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தே எது என்று தெரிந்துகொண்டார். "இது வராது பாப்பா. வுட்டுடு. ஒண்ணு இல்லேன்னா இன்னா இப்ப," என்றார். என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எத்தனையோ அதிகாரிகளின் கோழிக் கிறுக்கலைப் பார்த்து டைப் அடித்தவள் நான். புரியவில்லை என்று ஒரு டிராஃப்டையும் திருப்பிக் கொடுத்ததில்லை. சனி, ஞாயிறோடு திங்கட்கிழமையும் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நாலு திசை போதாமல் எட்டுத் திசையில் எடுத்தேன். நைந்த பத்தியில் ஒவ்வோர் எழுத்தாகத் தலைகீழாகவே தேடி, இங்கே ஒரு கால், அங்கே ஒரு சுழி என்று எடுத்து வைத்தேன். மடிப்புக் கோடுகளை ஒன்றுவிடாமல் துடைத்தேன். முடிந்தபோது, நேற்றுத்தான் எழுதித் தபாலில் போட்டதுபோல இருந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு, அண்ணியைக் கூப்பிட்டுவிட்டு, பாராட்டுக்காகச் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அண்ணி வெகுநேரம் கழித்து எழுந்து வந்து, "குழம்புக்குப் புளி ஊற வெச்சியா?" என்று கேட்டார்.

பிறகு ஏழெட்டு மாதம் அண்ணிக்கு நல்ல காலம். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அகலத்துக்குத் திரையில் நிற்கும். அண்ணி மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்து, கம்ப்யூட்டர் எலியைப் பிடித்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். சில சமயம் தனியாகச் சிரிப்பார். நான் அடுப்பருகில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒளிக்க என்ன இருக்கிறது, எனக்கு அப்படிப் படித்துச் சிரிக்க ஒரு வரி இல்லையே என்று பொறாமையாக இருக்கும். அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம் என்று பெயர். அந்த நேரத்தில் அண்ணியோடு அண்ணன் இருப்பார், என்னோடு குக்கர்தான் இருக்கும்.

எழுத்து கட்டைவிரலிலிருந்து உள்ளங்கை அளவுக்குப் போயிற்று. பிறகு திரையில் ஒரு சமயத்துக்கு மூன்று எழுத்துதான் கொள்ளும். ஒருநாள் அண்ணி எலியை வைத்துவிட்டு எழுந்தார், மறுநாள் உட்காரவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெற்றிலை மடித்துக்கொண்டே, "இனிமே நீயே படி பாப்பா," என்றார். நிபந்தனை என்ன ஆயிற்று என்று கேலி செய்ய வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் இரண்டு கடிதம் படித்தேன். 'இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று தொடங்கி, சூரத்து வெயில், அறைத் தோழரின் குறட்டை, சாம்பாருக்குச் சர்க்கரை போடும் ஓட்டல் என்று போகும். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்பதுதான் அண்ணன் எழுதியதிலேயே பெரிய காதல். இதற்கா என்னைத் தலைகீழாக நிற்க வைத்தார் என்று நினைத்தேன்.

அண்ணிக்குக் கடிதங்களின் வரிசை மனப்பாடம். ஒருநாள், "அடுத்தது மழைத் தண்ணி ரூம்புக்குள்ள வந்ததுன்னு ஆரம்பிக்கும். அது வேணாம். அதுக்கு அடுத்ததுக்குப் போ," என்றார். திரையில் திறந்தால் நான் லீவு போட்டு மீட்ட கடிதம். அதைப் போய் வேண்டாம் என்றால் எப்படி? "மூணு நாள் உசிரைக் குடுத்திருக்கேன் அண்ணி. இதான் எல்லாத்தையும் விட நல்லா வந்திருக்குது. கேளுங்க," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படிக்கத் தொடங்கினேன்.

டைப்பிஸ்ட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண் படிக்கும், கை அடிக்கும், பொருள் கடைசியில்தான் மண்டைக்கு வரும். வருஷக்கணக்கில் அப்படியே பழகியவள் வாய்விட்டுப் படிக்கும்போதும் அப்படித்தான் படித்தேன். 'அரக்கோணத்துக்காரர்களுக்கு வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். ஜாதகம் சேரவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள். நான் இங்கே இருக்கும்வரை உனக்கு ஓர் ஆள் துணை வேண்டும். அவளும் போய்விட்டால் தனியாக என்ன செய்வாய். அவளுக்கு உத்தியோகம் இருக்கிறது, குறை ஒன்றும் வராது. அவளுக்குத் தெரிய வேண்டாம். மண்ணெண்ணெய் கார்டைப் புதுப்பித்தாயா.' மண்ணெண்ணெய் கார்டு வரை நிறுத்தாமல், தெளிவான குரலில் படித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த 'அவள்' யார் என்று எனக்கு எட்டியது.

அரக்கோணத்துக்காரரை எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார். என்னைப் பார்க்க வந்தபோது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பீர்கள் என்று கேட்டு, நான் சொன்னதும் தன் தங்கையிடம் திரும்பி, "கேட்டுக்கோ" என்று சொன்னவர். எனக்குப் பிடித்திருந்தது. அண்ணியிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தேன். ஜாதகம் சேரவில்லை என்று அண்ணி வந்து சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயசு. கிரகத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு, மறுநாள் எட்டரை மணிக்கு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். பிறகு வந்த இரண்டு மூன்று வரனும் ஏதேதோ காரணத்தில் நின்றுபோயின. அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வோர் எழுத்தையும் நான்தான் சேர்த்திருந்தேன். பின்னால் அண்ணியின் மூச்சு கேட்டது. "பாப்பா," என்றார். "அதுக்கு நான் இன்னா பதில் எழுதினேன்னு கேளேன்."

நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து மடித்தேன். அவ்வளவு கோபம் எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை. செத்துப்போன அண்ணனிடம் காட்ட முடியாது. கண் தெரியாதவரிடமும் காட்ட முடியாது. நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால் பேசினேன். அடுத்த வாரம் அடுத்த கடிதத்திலிருந்து படித்தேன். அண்ணியும் ஒன்றுமே நடக்காததுபோலக் கேட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒன்றாக இருந்தோம். குளிப்பாட்டினேன், தலை வாரினேன், காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். அண்ணி இரண்டு தரம் ஆரம்பித்தார். "அந்த லெட்டருக்கு நான்…" என்பார். "காபி ஆறுது, குடிங்க," என்பேன். முதல் தடவை கோபத்தில் சொன்னேன். இரண்டாவது தடவை பயத்தில் சொன்னேன். சம்மதம் என்று எழுதியிருந்தால், இத்தனை வருஷம் ஒரு தட்டில் சாப்பிட்டதெல்லாம் என்ன? கூடாது, அவள் வாழட்டும் என்று எழுதியிருந்தால், நான் நாலு நாள் முகம் திருப்பியதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். அண்ணி ஒரு மார்கழிக் காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கடிதங்களைத் தன்னோடு வைத்து அனுப்பிவிடச் சொல்லியிருந்தார். சிதையில் வைப்பதற்காக மூட்டையைப் பிரித்தபோது, அந்த ஒரு கடிதம் தானாகவே கைக்கு வந்தது. மற்றவற்றை வருஷத்துக்கு இரண்டு தரம் மாற்றி மடித்திருக்கிறார். இதை அதைவிட எத்தனையோ தரம் எடுத்திருக்கிறார், பிரித்திருக்கிறார், அதே பத்தியின்மேல் மடித்து மடித்து வைத்திருக்கிறார். ஏன் என்று அப்போது யோசிக்க நேரமில்லை. ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தேன்.

இப்போது எனக்கும் ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகின்றன. எதிர்வீட்டுப் பெண் போனைக் காகிதத்துக்கு நேரே பிடித்தால், நிழலையும் சுருக்கத்தையும் அதுவே எடுத்துவிட்டுப் பளிச்சென்று காட்டுகிறது. நான் எட்டுத் திசையில் திருப்பியதைச் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அண்ணி எழுதிய பதில் எங்கும் இல்லை. அண்ணன் இறந்தபோது சூரத்திலிருந்து வந்த பையில் இரண்டு சட்டையும் ஒரு கைக்கடிகாரமும்தான் இருந்தன. அறையைக் காலி செய்தவர்கள் காகிதத்தையெல்லாம் குப்பையில் போட்டிருப்பார்கள். ஏதாவது மழை நாளில், பேச ஆள் கிடைக்காதபோது, அந்தக் கடிதத்தின் படத்தைத் திறந்து பார்க்கிறேன். 'அவளுக்குத் தெரிய வேண்டாம்' என்பது கண் கூசும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. மடிப்புகளோடு முதலில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று அன்றைக்கே அழித்துவிட்டேன். அண்ணன் எழுதியதில் ஒரு புள்ளிகூடக் குறையாமல் என்னிடம் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் அண்ணி தன் பங்குக்கு எழுதி வைத்தது மடிப்புகள் மட்டும்தான். அவற்றை மூன்று நாள் லீவு போட்டு உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் நானே துடைத்துவிட்டேன்.